ஆண்டான் பொறியும் அடிமைப் பொறியும்

ஒரு பொருளை அதற்கென அமைந்த சொல்லாற் கூறாது, தகுதி நோக்கி வேறொரு சொல்லாற் கூறுவதனைத் தகுதி வழக்கு என்பர் நம் இலக்கண நூலார். நன்னூலார் அதனை மூவகைப்படுத்தினார். அவையிற் கூறத் தகாததை மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமில்லாததை மங்கலமாக்கிக் கூறுவது மங்கலம். ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் பெயரை ஒழித்துத் தமக்குள் வேறொரு பெயரிட்டு வழங்குவது குழூஉக்குறி. செத்தாரைத் துஞ்சினார் என்பதனையும், பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதனையும் இக்கல்லூரியிற் தமிழ் படித்த பழைய மாணவர் எவரும் மறந்திரார். மறந்தவர் உளராயின், அவர்க்குப் படிப்பித்தவரையே நாம் குறைகூறல் வேண்டும்.

பொறியியலாளரும் ஒரு கூட்டத்தாரே. பொற்கொல்லர்க்கு உள்ளதுபோல அவர்க்கும் குழூஉக்குறிகள் உள. அக்குழூஉக்குறிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இடக்கரடக்கலாக மாற்றும் முயற்சியொன்று மேனாட்டிற் சில காலமாக நடைபெற்று வருகின்றது. மனிதர் மனம் நோகாவண்ணம் பேசுதல் நன்று என்பதை மறுப்பாரில்லை. ஆயின் கம்பிக்கும் தட்டுக்கும் குழாய்க்கும் அவ்விதியைச் செலுத்தப் புகுந்தபோது விளைந்தவற்றுட் சில நகைப்புக்குரியன. சில நகைத்துத் தள்ளத்தக்கன அல்ல. நம் பழைய மாணவருட் பலர் உலகின் பல பாகங்களிலும் பொறியியலாளராயும் கணினி வல்லுநராயும் இருத்தலின், இவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் இம்மலருக்குப் பொருத்தமாகும் எனக் கருதுகின்றேன்.

கதை உலகறியத் தொடங்கியது 2003 நவம்பரில். ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிருவாகம், தனக்குக் கருவிகள் விற்கும் வணிகர்க்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. கருவிகளின்மேல் 'மாஸ்ரர்' என்றும் 'ஸ்லேவ்' என்றும், அதாவது ஆண்டான் என்றும் அடிமை என்றும், எழுதப்பட்டிருப்பின் அவ்வெழுத்துக்களை நீக்குக அல்லது மாற்றுக என்பது அதன் சாரம். பல இனத்தவரும் வாழும் மாவட்டத்தில் அச்சொற்கள் தகா என்பது அவர்கள் கூறிய காரணம். அம்மாவட்ட ஊழியர் ஒருவர் ஒளிநாடாக் கருவியொன்றின்மேல் அச்சொற்களைக் கண்டு முறைப்பாடு செய்திருந்தார். செய்தி பரவியதும் உலகெங்கும் ஒரே சிரிப்பு. அடிமைத்தனத்தை ஒழிக்க ஆபிரகாம் லிங்கனுக்கு ஓர் உள்நாட்டுப் போர் வேண்டியிருந்தது; இவர்கட்கோ ஒட்டுத்தாள் போதியதாயிற்று!

சிரித்தவர் பலர் அக்கருவிகளின் உள்ளமைப்பை நோக்கினாரல்லர். நோக்கியிருப்பின் இன்னும் சிரித்திருப்பர். அக்காலத்துக் கணினிகளில் 40 ஊசித் துளைகளையுடைய தட்டையான நாடாக்கம்பி ஒன்றில் இரண்டு வன்தட்டுகளைப் பூட்டுவது வழக்கம். ஒரே கம்பியில் இரண்டு இருத்தலின் எது எது எனக் கணினி அறிதல் வேண்டும். அதற்காகத் தட்டின் பின்புறத்தில் 'ஜம்பர்' என்னும் சின்னஞ்சிறு செருகியை ஓரிடத்திற் பொருத்தினால் அது மாஸ்ரர். வேறிடத்திற் பொருத்தினால் ஸ்லேவ். சில தட்டுகளில் இவ்விடங்களைச் சுருக்கமாக 'எம். ஏ.' என்றும் 'எஸ். எல்.' என்றும் பொறித்திருப்பர். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்தோடு காலங்கழிக்கும் எனக்கு, ஒரு தகரப் பெட்டி முதுகில் எம். ஏ. பட்டத்தோடு கிடந்தது கண்டு சிறிது பொறாமை உண்டாயிற்று என்பதை ஒளிப்பானேன்.

இனி, அந்த ஆண்டான் தட்டு அடிமைத் தட்டினை ஆண்டதோ எனின், இல்லை. ஆண்டான் தட்டு தரவினைப் படிக்கவோ எழுதவோ அடிமைக்கு ஆணையிடுவதில்லை. அவ்வாணைகள் யாவும் கணினியினின்றே வருவன. எத்தட்டை நோக்கிய ஆணை என்பதை 0 அல்லது 1 என்னும் ஓர் இலக்கமே குறிக்கும். அத்தட்டுகளுக்குரிய நியம ஆவணங்களும் அவற்றைச் 'சாதனம் 0', 'சாதனம் 1' என்றே பெயரிட்டுள்ளன. ஒரே வாங்கில் அருகருகே அமர்ந்திருக்கும் இரு மாணவருள் ஒருவனை ஆண்டான் என்றும் மற்றவனை அடிமை என்றும் அழைத்தது போன்றதே இப்பெயரீடு. இச்சொற்களின்மேற் சாட்டத்தக்க முதற் குற்றம் மனத்தை நோகச் செய்தமையன்று; பொய் கூறியமையே.

அதனினும் விந்தை ஒன்றுண்டு. சுற்றறிக்கை பிறந்த அதே 2003 ஆம் ஆண்டின் சனவரியில், 'சாற்றா' எனப்படும் புதிய இணைப்புமுறையின் முதல் நியமம் வெளிவந்துவிட்டது. அம்முறையில் ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கம்பி உண்டு. ஒரு கம்பியில் ஒரு தட்டே இருத்தலின் ஆண்டானும் இல்லை, அடிமையும் இல்லை, ஜம்பர் மாற்றும் தொல்லையும் இல்லை. சில ஆண்டுகளில் பழைய நாடாக்கம்பி வழக்கொழிந்தது. அதனோடு அப்பெயர்களும் தட்டுகளைவிட்டு அகன்றன. எவரும் ஒட்டுத்தாள் ஒட்டவில்லை. கம்பி மாறியது, சொல் உதிர்ந்தது, அவ்வளவே.

இச்சொற்கள் பொறிகளுக்குள் எப்போது நுழைந்தன என்பதை அமெரிக்க ஆய்வாளர் ரொன் எக்ளாஷ் 2007 இல் ஆராய்ந்து எழுதினார். அவர் கண்டவற்றுள் மிகப் பழையது 1904 ஆம் ஆண்டினது: தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் அரச வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த டேவிட் கில் என்பார் தமது மணிக்கூட்டமைப்பை விவரித்தபோது 'அடிமை மணிக்கூடு' எனக் குறித்தார். அந்நாட்டில் மனிதரை அடிமைகொள்வது சட்டத்தால் ஒழிந்தது 1834 இல். ஆக, அடிமை மனிதர் சட்டப்படி இல்லாதொழிந்து எழுபது ஆண்டுகளின் பின்னரே அடிமை மணிக்கூடு தோன்றிற்று. உண்மை அடிமைகளைக் கண்முன் வைத்திருந்தோர்க்கு இவ்வுவமை இத்துணை எளிதாக வாயில் வந்திராது என எண்ண இடமுண்டு.

மணிக்கூட்டுத் துறையில் இவ்வுருவகத்தின் உச்சநிலை 1921 இல் ஷோர்ட் என்னும் ஆங்கிலேயப் புகையிரதப் பொறியியலாளர் அமைத்த ஊசல் மணிக்கூடு. ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு வினாடியே பிழைக்கும் நுட்பம் வாய்ந்த அதனைக் கிரீனிச் உட்படப் பல வானாய்வு நிலையங்கள் பயன்படுத்தின. அதில் ஊசல்கள் இரண்டு. ஆண்டான் ஊசல் காற்று நீக்கப்பட்ட செப்புப் பேழையுள் தனித்திருந்து ஆடும். ஆடுவதன்றி அதற்கு வேறு தொழிலில்லை. சக்கரங்களைத் தள்ளுவது, வினாடி எண்ணுவது, முள்ளை நகர்த்துவது யாவும் அடிமை மணிக்கூட்டின் கடன். அதுவுமன்றி, ஆண்டான் ஆடி ஓய்ந்துவிடாவண்ணம் 30 வினாடிக்கு ஒருமுறை ஒரு நெம்பினை விடுவித்து அதற்குச் சிறு உந்தல் கொடுப்பதும் அடிமையே. அடிமை சற்றே பிந்தினால் ஆண்டான் பக்கத்திலிருந்து ஒரு திருத்தம் வரும். உழைப்பதும் ஊட்டுவதும் ஒருவன். அசையாப் புகழோடு இருப்பதும் அவ்வப்போது பிழை சொல்வதும் மற்றவன். வன்தட்டிற் பொய்த்த உவமை இங்கே முற்றும் பொருந்துகின்றது. அதற்குப் பெயரிட்டவர் ஆண்டான்மாரை நன்கறிந்தவர் போலும்.

மோட்டார் வாகனத்தின் கிளச்சிலும் அது ஓரளவு பொருந்தும். மிதியை அழுத்தினால் மாஸ்ரர் சிலிண்டரின் எண்ணெய் குழாய் வழியே சென்று ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். முன்னது தள்ளாது பின்னது அசையாது. நம்மூர்க் கராச்சுகளிலும் மெக்கானிக்குமார் இப்பெயர்களையே வழங்குவர். அவருள் எவரும் அச்சொல்லைக் கூறுங்கால் எவரையும் அடிமையாக நினைந்தவரல்லர்.

சொல்லின் பழம்பொருளை நோக்கியே விலக்குவது என்று துணிந்தால் எங்கே நிறுத்துவது? 'ரோபோ' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 1920 ஆம் ஆண்டு நாடகமொன்றின் வழியாக உலகுக்கு வந்தது அது. செக் மொழியில் அதன் மூலச்சொல் நிலவுடைமையாளனுக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலையைக் குறிப்பது. நம் நாட்டில் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையால் ஒழிந்த இராசகாரியம் போன்றது எனலாம். ஸ்லேவ் தகாதெனின் ரோபோ எவ்வாறு தகும்? இரும்புக் கடைக்குட் புகுந்தால் இடர் இன்னும் பெரிது. மிகுந்த கரடுமன்றி மிகுந்த மென்மையுமன்றி இடைப்பட்ட பல்லுடைய அரத்துக்கு ஆங்கிலேயர் 'பாஸ்டர்ட்' அரம் எனப் பெயரிட்டுள்ளனர். முறைதவறிப் பிறந்தவன் என்று ஓர் அரத்தை ஏசியிருக்கின்றனர். அவ்வரம் இதுகாறும் முறைப்பாடு செய்ததாகத் தெரியவில்லை.

யூனிக்ஸ் வழிவந்த கணினி அமைப்புகளின் உட்புறமோ முழு இழவு வீடு. அங்கே ஓடும் ஒவ்வொரு செயலுக்கும் பெற்றோர் உண்டு, பிள்ளை உண்டு. பெற்றோர் பிள்ளையைக் 'கொல்லலாம்'. அதற்கென்றே அப்பெயரிற் கட்டளை உளது. பெற்றோர் முன்னர் இறந்தால் பிள்ளை 'அநாதை'. அதனை இலக்கம் 1 உடைய செயல் தத்தெடுப்பது வழக்கம். பிள்ளை இறந்த பின்னும் பெற்றோர் அதன் கணக்கை முடிக்காது விட்டால் அது 'சோம்பி', அதாவது நடைப்பிணம். பின்னணியில் ஓசையின்றி வேலை செய்வன 'டீமன்' என்னும் பூதங்கள். இவையனைத்தையும் மங்கல வழக்கிற் கூறப் புகுந்தால், பிள்ளை கொல்லப்பட்டது என்னாது 'சிவபதமடைந்தது' என்றும், நினைவகத்தினின்று நீக்கியமையை 'அந்தியேட்டி' என்றும் கணினி அறிவித்தல் வேண்டும். நம்மவர் அதற்குக் கல்வெட்டும் அச்சிட்டுவிடுவர்.

ஆண், பெண் விடயம் இதனினும் எளிது. ஊசியுடைய செருகியை ஆண் என்றும், துளையுடையதைப் பெண் என்றும் வழங்குதல் மின்வேலையாளர்க்கும் குழாய் பொருத்துவோர்க்கும் பழகிய குழூஉக்குறி. இதனை விடுத்துப் 'பிளக்', 'சொக்கற்' எனச் சொல்லுக என இப்போது கூறுகின்றனர். நம் பாடநூல்கள் வகுப்பறையில் எவரும் முகஞ்சுளியாதவண்ணம் 'செருகி', 'குதை' என்றே எழுதிவந்தன. பனையில் ஆண்பனை, பெண்பனை உண்டு. அவை மெய்யாகவே ஆணும் பெண்ணுமாம். கம்பிக்கு அத்தொல்லை எதற்கு?

2003 இற் கேலியாயிருந்தது பிற்பாடு ஒரு பேரலையாயிற்று. 2014 இல் 'ஜாங்கோ' என்னும் மென்பொருட் கூட்டத்தாரும், 2018 இல் 'பைதன்' மொழியாரும் தம் ஆவணங்களில் ஸ்லேவ் என்னும் சொல்லை மாற்றினர். 2020 மே மாதம் மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொயிட் என்னும் கறுப்பினத்தவர் பொலிசாராற் கொல்லப்பட்ட பின்னர், லினக்ஸ் உட்பட எண்ணற்ற கூட்டங்கள் இம்மாற்றத்தை ஏற்றன. 'கிற்ஹப்' நிறுவனம் 2020 ஒக்டோபர் 1 முதல் புதிய நிரற் களஞ்சியங்களின் முதற் கிளைக்கு 'மாஸ்ரர்' என்பதை விடுத்து 'மெயின்' எனப் பெயரிட்டது. அங்கே அடிமைக் கிளை என ஒன்று இருந்ததே இல்லை. மாஸ்ரர் மட்டும் தனித்திருந்தது. அடிமையில்லா ஆண்டானையும் விடார் போலும். இதற்கு முன்னரே, 2016 இல், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தன் மாணவர் விடுதித் தலைவரை மாஸ்ரர் என்று அழைப்பதைக் கைவிட்டது. அது பள்ளியாசிரியனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததென்று கூறியும் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை முனையில் 'மாஸ்ரர்' என்று எவரேனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்போன்றோர் நிலை யாதாகுமோ!

மாற்றுச் சொற்களின் பெருக்கமும் கூறத்தக்கது. முன்னர் ஒரு சோடி. இப்போது ஒரு சந்தை. தரவுத்தளத்தில் முதன்மையும் படியும். வேறோரிடத்தில் தலைவனும் பின்பற்றுவோனும். பிறிதோரிடத்திற் பெற்றோரும் வேலையாளும். நேரம் ஒத்திசைக்கும் நியமமொன்றின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 'நேரம் அனுப்புவான்', 'நேரம் பெறுவான்'. சிறு மின்சுற்றுகளை இணைக்கும் முறையொன்றில் நான்கு கம்பிகள் உள. அவற்றுள் ஒன்றின் பெயர் 'எம். ஓ. எஸ். ஐ.', அதாவது மாஸ்ரரினின்று வெளியேறி ஸ்லேவினுட் புகுவது. அப்பெயர் உலகிலுள்ள கோடிக்கணக்கான சில்லுகளின் விளக்கத்தாள்களில் ஏறிவிட்டமையால், சில நிறுவனத்தார் எழுத்துக்களை அவ்வாறே விட்டு 'எம்' என்பது இனி 'மெயின்' என்றும், 'எஸ்' என்பது இனி 'சப்' என்றும் அறிவித்தனர். பெயரின் முதலெழுத்தை மாற்றாது தந்தையை மாற்றியது போன்றது இது!

இவ்வளவும் நகைத்த பின்னர் நடுவுநிலையோடு ஒன்று கூறல் வேண்டும். புதிய சொற்களுட் பல பழையனவற்றினும் நல்லன. 'அடிமைத் தரவுத்தளம்' என்றால் அது செய்யும் தொழில் விளங்காது. 'படி' என்றால் மூலத்தைப் பார்த்துப் பிரதி எடுத்து வைத்திருப்பது என உடனே விளங்கும். கறுப்புப் பட்டியல், வெள்ளைப் பட்டியல் என்பனவற்றினும் மறுப்புப் பட்டியல், அனுமதிப் பட்டியல் என்பன தெளிவானவை. கார்மேகத்தை வேண்டி நிற்பவரும் காளியை வணங்குபவருமாகிய நமக்குக் கருமை தீதென்பது இயல்பாகத் தோன்றுவதுமன்று.

'அடிமை' என்னும் சொல்லைப் பற்றித் தொல்காப்பியர் கூறியதொன்று இங்கே நினைவுகூரத்தக்கது. உயர்திணைப் பொருளைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைக் கிளவியாக்கத்தில் அவர் தொகுத்தார். அடிமை வந்தான் என்னாது அடிமை வந்தது என்பதாம். அதே சூத்திரத்தில் 'அரசு' என்பதும் உளது. இலக்கணத்தில் ஆண்டானும் அடிமையும் ஒரே வாங்கில் இருக்கின்றனர். எனினும் அரசு வந்தது என்பதிற் சிறப்புத் தோன்றும். அடிமை வந்தது என்பதில் மனிதன் பொருளாகிவிட்டான் என்பதே தோன்றும். நம் மொழி மனிதனை அஃறிணையோடு சேர்த்தது. மேனாட்டுப் பொறியியலாளர் மாறாக அஃறிணைக்கு அம்மனிதனின் பெயரை இட்டனர்.

சைவராகிய நாம் அடிமை என்னும் சொல்லுக்கு அஞ்சுபவரல்லேம். அடியேன் என்று நம்மையே கூறிக்கொள்கின்றோம். தாசமார்க்கம் நமக்கு ஒரு நெறி. சுந்தரமூர்த்தி நாயனாரை அவர் மணப்பந்தலிலே ஒரு முதியவர் ஓலை காட்டித் தம் அடிமை என்று வழக்காடிய கதையை அறியாதார் யார்? நாயனார் வெகுண்டு ஓலையைக் கிழித்தார். கிழிந்தது படியோலையே, மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட்டது. இறைவனுக்கு அடிமை என்று அறிந்தபின் அவர் அதனைப் பெருமையாகக் கொண்டார். ஆயின் அறியுமுன் ஓலையைக் கிழித்தார் என்பதையும் மறத்தல் கூடாது. தானே விரும்பிச் சூடிக்கொள்ளும் சொல் வேறு. பிறன் தன்மேல் எழுதும் சொல் வேறு.

பிறன்மேல் எழுதிய வரலாறு நமக்கும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில், தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் உள. 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அடிமைமுறையை ஒழித்தது. சொல் சட்டப்புத்தகத்தினின்று போயிற்று. பொருள் கிணற்றுக்கட்டிலும் தேநீர்க்கடைக் குவளையிலும் கோயில் வாசலிலும் நின்றது. அம்மக்களுக்குச் 'சிறுபான்மைத் தமிழர்' என மரியாதையான பெயரொன்று வழங்கலாயிற்று. பெயர் வந்தது, வாசல் திறந்திலது. 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிற் போராட வேண்டியதாயிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் ஒட்டுத்தாளைக் கண்டு நகைக்கும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டென்பதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக. அச்சுற்றறிக்கையை எழுதிய அலுவலகத்தைக் குறித்து நகைக்கலாம்; தன் முன்னோர்க்கு இட்ட பெயரைத் தினமும் ஒரு பெட்டியின்மேற் படிக்க நேர்ந்த அந்த ஊழியரைக் குறித்து நகைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் கலைச்சொல்லாக்கம். அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட நாள் முதலாக, ஆங்கிலச் சொல்லின் உவமையையும் சேர்த்தே பெயர்க்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வாறு எசமான், அடிமை எனப் பாடக்குறிப்பில் எழுதுவது பிறர் வீட்டுப் பிழையைக் கூலி கொடுத்துச் சுமந்து வருவதாகும். தரவுத்தளத்துக்கு மூலம், படி என்பன போதும். சுந்தரர் கதையிலேயே அவை ஆயத்தமாய்க் கிடக்கின்றன. மின்சுற்றுக்கு ஆள்வி, துணை எனலாம். ஆயினும் ஆய்வுகூடங்களில் உள்ள பழைய சுற்றுப் பலகைகளும் நூல்நிலையத்திலுள்ள பழைய கைந்நூல்களும் பழைய பெயர்களையே தாங்கி நிற்றலின், மாணவர்க்கு இரண்டையும் கற்பித்தே ஆகவேண்டும். உதிரிப்பாகக் கடைக்குச் சென்று கிளச்சின் துணைச் சிலிண்டர் கேட்கும் மாணவன் வெறுங்கையோடு திரும்புவான். அங்கே ஸ்லேவ் சிலிண்டர் என்றே கேட்டல் வேண்டும். வாகனத்தின் வகையையும் ஆண்டையும் உடன் கூறுதல் வேண்டும்.